பழைய வண்டியும் புதிய வேகமும்

பழைய மோட்டார் வண்டியில் தேவையற்ற பாகங்களைக் கழற்றிவிட்டு, ஆற்றல் மிக்க எஞ்சினைப் பொருத்தி வேக வண்டியாக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. இதற்கு 'ஹாட் ராட்' என்று பெயர். 1930களில் தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் இத்தகைய வண்டிகளில் பந்தயம் விட்டனர்.

ஃபோர்டு நிறுவனம் 1932இல் வெளியிட்ட எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 65 குதிரைத்திறன் தந்தது. 1955இல் வந்த செவர்லே எஞ்சினோ 162 குதிரைத்திறன் தந்தது. அதைப் பழைய ஃபோர்டு பிக்கப்பில் பொருத்தினால் வேகம் கூடும். ஆனால் வண்டியை நிறுத்துவது எப்படி?

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதை நாம் அறிவோம். வண்டியின் நிறை 1,200 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,67,000 ஜூல். 120 கிலோமீட்டரில் 6,67,000 ஜூல். அதாவது நான்கு மடங்கு! 20 டிகிரி செல்சியஸில் உள்ள 2 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். வண்டியை நிறுத்தும்போது இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது.

பழைய டிரம் பிரேக்கில், சூடேறிய டிரம் விரிந்து உள்ளிருக்கும் கட்டைகளை விட்டு விலகும், உராய்வும் குறையும். காற்றுப்படும்படி அமைந்த டிஸ்க் பிரேக் விரைவில் குளிரும்.

மேலும், பிரேக் பிடிக்கும்போது சுமை முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. சரக்கில்லாத பிக்கப்பின் பின்பகுதி ஏற்கெனவே இலேசானது. பின்சக்கரங்கள் எளிதில் வழுக்கும். ஆகவே, முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் பொருத்தி, பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்து அமைப்பார்கள். எஞ்சினை மாற்றுமுன் செய்யவேண்டிய வேலை இது.