இரவெல்லாம் காற்றை விழுங்கும் வயிறு

குறட்டை என்றால் நம் இல்லங்களில் சிரிப்புத்தான் எழுகிறது. ஞாயிறு மறையுரையின்போது உறங்கி விழுகிறவரையும் நாம் கேலியாகவே நோக்குகிறோம். அவர்களுள் சிலர், இரவு முழுவதும் படுக்கையில் கிடந்தும் சரியாக உறங்காதவர்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்குப் பின்னால் சரிந்து, மூச்சுவழி அடைபடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றபின், மூளை திடுக்கிட்டு எழுப்ப, பெருங்குறட்டையுடன் மூச்சு திரும்புகிறது. நோய் முற்றியவர்களுக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேலும் நிகழும். ‘ஸ்லீப் ஆப்னியா’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்நோய், இரத்த அழுத்தத்தையும் இதய நோயையும் கூடவே அழைத்து வரக்கூடியது.

இதற்கு வழி கண்டவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். மூக்கின் வழியே இடைவிடாது காற்றை அழுத்தி ஊதினால் தொண்டை மூடாது என்பதைச் சிட்னி நகரில் 1980ஆம் ஆண்டு அவர் செய்து காட்டினார். ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவரது கட்டுரை 1981இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. இன்று ‘சி-பாப்’ என்ற பெயரில் படுக்கையருகே வைக்கப்படும் சிறு பெட்டி அதன் வழித்தோன்றலே.

நமக்கு நெருங்கிய நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பல ஆண்டுகளாக இப்பெட்டியின் துணையோடு உறங்கி வந்தார். உடற்பருமன் காரணமாகச் சென்ற ஆண்டு இரைப்பைச் சுருக்க அறுவை செய்துகொண்டார். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்து, எஞ்சியதை ஒரு வாழைப்பழ அளவுக் குழாயாகத் தைத்துவிடும் முறை அது. ஏழு மாதங்களில் இருபத்தெட்டு கிலோ எடை குறைந்தது. வாழ்த்தச் சென்ற நம்மிடம் அவருடைய மனைவி மெல்லிய குரலில் சொன்னார்: “அண்ணா, மிஷினை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். மறுபடியும் மூச்சு நிற்கிறது. நான் விழித்திருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.”

நண்பரோ, “வேறு என்ன செய்வது, ஐயா? விடியற்காலையில் வயிறு பானையாக உப்பிவிடுகிறது. ஏப்பத்திற்கு மேல் ஏப்பம். ஒரு வாய் கஞ்சிக்கும் இடமில்லை” என்றார்.

அவர் சொன்னது கற்பனையன்று. பெட்டி ஊதும் காற்று மூச்சுக்குழாய்க்குச் செல்ல வேண்டியது. அழுத்தம் தேவைக்கு மிஞ்சினாலும், மூக்கடைப்பினால் வாயைத் திறந்து விழுங்கினாலும், அதில் ஒரு பகுதி உணவுக்குழாயில் இறங்கிவிடும. பழைய இரைப்பை விரிந்து கொடுத்து அதைத் தாங்கியிருக்கும். தைத்துச் சுருக்கிய இரைப்பைக்கு அந்த இடவசதி இல்லை. இவ்வகை அறுவைக்குப்பின் சிலருக்கு அமில எதுக்களிப்பும் கூடுவதால் நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொள்கிறது.

மற்றொன்றையும் நம் நண்பர் கவனிக்கவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கொழுப்புக் கரைந்ததால், தொண்டையைத் திறந்து வைக்க முன்போல் அத்தனை அழுத்தம் தேவையில்லை. பெட்டியோ பழைய உடம்புக்கு வைத்த அளவிலேயே ஊதிக்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டியதால் முகமூடியும் தொளதொளத்து, பக்கவாட்டில் காற்றுக் கசிந்தது. கசிவை நிறுத்த அவர் வாரை இறுக்கியதில் மூக்கின் மேல் புண்தான் மிச்சம்!

அறுவை முடிந்த முதல் சில நாட்களில் வரும் வாயுத் தொல்லை வேறு. சிறு துளைகள் வழியே செய்யும் அறுவைக்காக வயிற்றினுள் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். எஞ்சியது தோள்வலியாகத் தெரிந்து தானே மறையும். ஆனால் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நாடித் துடிப்பின் வேகம் ஆகியவை கண்டால், ‘வாயுதான்’ என்று ஓமநீர் கொடுத்துக் காத்திருத்தல் பெருந்தவறு. தையல் கசிந்திருக்கக் கூடும். உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

பெட்டியின் காற்று தையலைப் பிரித்துவிடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. இரைப்பை மாற்றுப்பாதை அறுவை செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, கருவியைப் பயன்படுத்தியதால் கசிவு கூடவில்லை என்றே கண்டது. அறுவைக்கு வரும்போது பெட்டியையும் கொண்டுவரச் சொல்லும் மருத்துவமனைகள் பல.

நண்பரை நாம் வற்புறுத்தி உறக்க நோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஓரிரவுப் பரிசோதனையில் நோய் தணிந்திருந்தாலும் முற்றும் நீங்கவில்லை எனத் தெரிந்தது. பதினான்காக இருந்த அழுத்தத்தை ஒன்பதாகக் குறைத்தார்கள். சிறிய முகமூடி தந்தார்கள். மூக்கடைப்புக்கு மருந்து, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துதல், படுக்குமுன் மூன்று மணி நேரம் உண்ணாதிருத்தல், சோடா பானங்களை விலக்குதல் ஆகியவையும் சொல்லப்பட்டன. அழுத்தத்தைத் தாமே திருகி மாற்றக்கூடாது என்பதை மருத்துவர் இருமுறை கூறினார். நண்பரின் முகத்தில் அவர் எதையோ கண்டுகொண்டார் போலும்.

வயிற்று உப்புசம் முழுதும் போகவில்லை. வாரத்தில் ஓரிரு நாள் எட்டிப் பார்க்கிறதாம். எடை இன்னும் குறைந்து வருவதால் ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை பெட்டி அலமாரி ஏறக்கூடாது என்பது அவர் துணைவியாரின் கட்டளை. அந்த அம்மாளும் இப்போது எண்ணுவதை விட்டு உறங்குகிறார்.