250 வருஷத்து டாலர் நோட்டு: முதலீடா வாங்கலாமா?

நியூஜெர்சியில வேலை பார்க்கிற நம்ம சேனல் நண்பர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "1776-ல அச்சடிச்ச காண்டினென்டல் டாலர் நோட்டு ஒண்ணு விலைக்கு வருது சார். முதலீடா வாங்கிப் போடலாமா?"

வயசை விடுங்க. அந்தக் காலத்து நோட்டு ஒரு கடன் பத்திரம் மாதிரி. கொடுத்தவங்க கடனை அடைச்சாங்களான்னு முதல்ல பார்க்கணும்.

1690-ல கியூபெக் மேல படையெடுத்துத் தோத்து வந்த வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க மாசசூசெட்ஸ் காலனியிடம் வெள்ளி இல்லை. அதனால காகிதத்துல கொடுத்தது. மேற்குலகில் ஓர் அரசு வெளியிட்ட முதல் காகிதப் பணம் அதுதான். அதை வச்சு வரி கட்டலாம். வரியா திரும்பி வந்த நோட்டுகளை அரசே எரிச்சிடும். ஒழுங்கா அடைச்ச கடன், அதனால மிஞ்சின நோட்டு ரொம்பக் குறைவு. அதுதான் உண்மையான அபூர்வம்.

காண்டினென்டல் நோட்டு நேர் எதிர். சுதந்திரப் போருக்காக 1775-லிருந்து 1779 வரை, வரி போடும் அதிகாரமே இல்லாத காங்கிரஸ் சுமார் 24 கோடி டாலர் அச்சடிச்சது. போதாததுக்கு பிரிட்டிஷ்காரங்க வேற கள்ள நோட்டு அடிச்சு விட்டாங்க. (அந்தக் கள்ள நோட்டையும் இப்போ காசு கொடுத்து வாங்குறாங்க!) கடைசியில 1790 சட்டப்படி 100 டாலருக்கு 1 டாலர் கடன் பத்திரம்தான் கிடைச்சது. நிறைய பேர் மாத்தவே இல்லை. அதான் இன்னைக்கும் தாராளமா கிடைக்குது.

அப்போ விலை எதுல ஏறும்? நோட்டோட நிலைமை, அப்புறம் கையெழுத்து. சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்ட ஜான் ஹார்ட், நியூஜெர்சி காலனி நோட்டுகள்லயும் கையெழுத்துப் போட்டிருக்கார். அதுக்குத் தனி மவுசு. அசல் நோட்டுல கையெழுத்தும் எண்ணும் பேனா மையால எழுதினது. அச்சடிச்ச கையெழுத்தோட மொறுமொறுன்னு மஞ்சள் காகிதமா இருந்தா, சுற்றுலாக் கடை நகல்னு சந்தேகப்படுங்க. அசலை லேமினேட் பண்ணிடாதீங்க, விலை போயிடும்.

இப்போ கணக்கு. உதாரணத்துக்கு, ஏலத்துல 500 டாலருக்கு எடுக்கறீங்க, வாங்குபவர் கமிஷன் 20%. மொத்தம் 600. திரும்ப விற்கும்போது 10% கமிஷன்னா, போட்ட 600-ஐ எடுக்கவே ஏலம் 667-க்குப் போகணும். அதாவது 33% ஏத்தம். நடுவுல வட்டியும் கிடையாது, டிவிடெண்டும் கிடையாது. ஆசைக்கு ஒண்ணு வாங்கணும்னா வாங்குங்க சார், ஆனா எஸ்ஐபியை நிறுத்திட்டு வாங்காதீங்க.