தடிமற் காய்ச்சலும் நீரிழிவும்

பனியும் மழையும் மாறிமாறி வரும் நுவரெலியா, அட்டன் பகுதிகளில் தடிமனும் இருமலும் புதியன அல்ல. நெருக்கமான லயன் அறைகளில் ஒருவரைப் பற்றிய வைரசுக் காய்ச்சல் வீட்டார் அனைவரையும் விரைவிற் பற்றுகின்றது. பழகிய நோயாதலின் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், இதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பினைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று.

அத்தொடர்பு இருவகைப்படும். முதலாவது, நீரிழிவு உடையவரைக் காய்ச்சல் தாக்குவது. நோயை எதிர்க்கும் பொருட்டு உடல் அதிரினலின், கோட்டிசோல் முதலிய ஓமோன்களை மிகுதியாகச் சுரக்கின்றது. அவற்றால் ஈரல் குளுக்கோசைக் குருதியில் விடுகின்றது. இன்சுலினின் ஆற்றலும் குறைகின்றது. குருதியிற் சீனி மிகும்போது வெண்குருதிக் கலங்கள் சோர்வுற, நோய் மேலும் முற்றுகின்றது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொவிட்-19 நோய் நீரிழிவுடையோரைக் கடுமையாக வருத்தியதை யாவரும் அறிவர். உணவு செல்லவில்லையென்று வைத்தியரைக் கேளாது இன்சுலினை நிறுத்துதல் பேராபத்தாகும்.

இரண்டாவது, பிள்ளைகளைப் பற்றியது. முதல்வகை நீரிழிவில், உடலின் காவற் கலங்களே சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பகையெனக் கருதி அழிக்கின்றன. பரம்பரையால் இந்நோய்க்கு இடமுள்ள குழந்தைகளை அமெரிக்கா, பின்லாந்து, சுவீடன், சேர்மனி ஆகிய நாடுகளில் ஆராய்ந்த 'டெடி' ஆய்வினர் 2017இல் ஒரு முடிவை வெளியிட்டனர். இளவயதிற் சுவாசத் தொற்று அடிக்கடி வந்த குழந்தைகளிடம் இவ்வழிவின் தொடக்க அடையாளம் தோன்றும் வாய்ப்புக் கூடியிருந்தது என்பதே அது. இதனால், தடிமன் பிடித்த பிள்ளைக்கெல்லாம் நீரிழிவு வரும் என அஞ்சவேண்டுவதில்லை. பரம்பரை இயல்பு உள்ளவிடத்துத் தொற்று ஒரு தூண்டுகோலாகலாம் என்பதே அறிஞர் கருத்து.

அஞ்சத்தக்கது வேறொன்று. காய்ச்சல் தணிந்த பின்னும் பிள்ளை ஓயாது நீர் கேட்பதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், மெலிவதும் காய்ச்சற் களைப்பென்றே கொள்ளப்படுகின்றன. இன்சுலின் இல்லாதவிடத்து உடல் கொழுப்பை எரிக்கும். குருதியில் அமிலம் பெருகும். வாந்தியும் ஆழ்ந்த விரைவான மூச்சும் தோன்றும். அம்மூச்சினை நெஞ்சுச்சளியென மயங்கிக் கசாயம் கொடுத்துக் காத்திருப்பின் உயிருக்கே இடர் நேரும். விரல்நுனியிற் பெறும் ஒரு துளிக் குருதி சில விநாடிகளில் உண்மையைக் காட்டிவிடும். தோட்ட மருந்தகத்தில் அவ்வசதி இல்லையாயின் அன்றே அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்க.

1922ஆம் ஆண்டு சனவரியில், தொறன்ரோ நகரில், 14 வயதுச் சிறுவனொருவனுக்கு இன்சுலின் முதன்முதல் ஏற்றப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்தல் அரிது. இன்று மருந்து உண்டு. நோயைக் காலத்தில் அறிவதே வேண்டுவது. வகுப்பிலிருந்து அடிக்கடி வெளியே செல்ல இசைவு கேட்கும் மாணவனைக் கடியுமுன், அவன் அண்மையிற் காய்ச்சலுற்றானா, நீர்வேட்கை மிகுந்துளதா என வினவுதல் ஆசிரியராகிய நமது கடனாகும்.