கண்மைக்கு எது பதம், எது காப்பு?

பெருநாள் நெருங்கினால் ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் மருதாணியோடு கண்மையையும் வீட்டிலேயே செய்யப் பார்க்கிறார்கள். கடை மையில் என்ன கலந்திருக்கிறதோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் வீட்டில் செய்தது என்பதற்காகவே ஒரு மை கண்ணுக்கு இதமாகிவிடாது. அதைத் தடிப்பாக்குவது எது, கெடாமல் காப்பது எது என்று முதலில் கேட்க வேண்டும்.

உம்மும்மாமார் காலத்து மையில் இரண்டுக்கும் விடை இருந்தது. கையாந்தகரைச் சாற்றில் தோய்த்த வெள்ளைத் துணியை நன்றாகக் காயவைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியைச் சுரண்டி, அதே எண்ணெயில் குழைப்பார்கள். அதில் துளி நீரும் இல்லை. பற்றீரியாவும் பூஞ்சணமும் பெருக நீர் வேண்டும். ஆகவே ஈர விரல் படாதவரை அந்த மைக்குத் தனிக் காப்புப்பொருள் தேவைப்படவில்லை.

தடிப்பாக்கத் தேன்மெழுகையே நான் சொல்வேன். அது உருக 62 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். தேங்காயெண்ணெயோ 24 பாகையளவிலேயே உருகிவிடும். கொழும்பு வெயிலில் அந்த மை மதியத்துக்குள் கன்னத்தில் நிற்கும். ஆமணக்கெண்ணெய் 8 கிராமுக்கு மெழுகு 2 கிராம் போதும். கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து உருக்கி, கரியைக் கலக்கலாம். கடையில் விற்கும் கரித்தூள் வேண்டாம். அதன் கரகரப்பான துகள் விழிவெண்படலத்தைக் கீறக்கூடும்.

வில்லங்கம் நீர் சேரும்போதுதான். கற்றாழைச் சாறும் பன்னீரும் குளிர்ச்சி என்று ஊற்றுகிறார்கள். சோள மாக் கூழ் தடிப்பைத் தரும், கூடவே கிருமிக்கு உணவையும் தரும். சாந்தன் பசை மென்மையானதுதான். ஆனாலும் அந்தக் கூழில் பெரும்பங்கு நீரே. விற்றமின் ஈ எண்ணெய் காறாமல் தடுக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. கராம்பெண்ணெய் கண்ணை எரிக்கும். ஜாமுக்குப் போடும் சோடியம் பென்சோவேற்றும் பொற்றாசியம் சோர்பேற்றும் அமில ஊடகத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கண்ணீரின் பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 7.4. அவை வேலை செய்யுமளவுக்கு மையைப் புளிக்கவைத்தால் கண் எரியும். விட்டால் கிருமி பிழைக்கும். பீனொக்சிஎதனோலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த உச்ச வரம்பு 1 வீதம். 20 கிராம் மைக்கு அது 0.2 கிராம். எந்தச் சமையலறைத் தராசு அதைச் சரியாக நிறுக்கும்?

அமெரிக்காவில் கிருமி படிந்த மஸ்காராவால் விழிவெண்படலத்தில் புண் வந்தவர்களைப் பற்றி 1977இல் கண் மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதியிருக்கிறார்கள். அது தொழிற்சாலையில் செய்த பொருள்! நீர் சேர்த்த பூச்சை அன்றே பூசி அன்றே எறிவதுதான் என் முடிவு.

உலர்ந்ததெல்லாம் நல்லதென்றும் எண்ண வேண்டாம். சுறுமா என்று விற்கும் கறுப்புத் தூள் பல இடங்களில் கலேனா, அதாவது ஈய சல்பைட்டு. கெடாது, ஆனால் ஈயம். கண்ணைக் கசக்கிய விரலைக் குழந்தை வாயில் வைக்கும். அந்த ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நாற்பதாம் நாளுக்கு அதைத் தேடுகிற மாமிமாரிடம் இதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

மை செய்தால் சிறு சிமிழளவே செய்யுங்கள். ஆளுக்கொரு குச்சி, ராத்தாவுக்கும் இரவல் இல்லை. மணம் மாறினால் எறியுங்கள். கண் சிவந்து வலித்தால் கழுவிவிட்டுப் பார்ப்போமென்று இருக்காமல், கண் ஆஸ்பத்திரிக்குச் சிமிழையும் கொண்டு போங்கள்.