டைவ் வாட்ச் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு ஸ்கேல் எடுங்க

"முதல் சம்பளத்துல டைவ் வாட்ச் வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்கட்டும்?" இந்தக் கேள்வி உங்ககிட்ட இருந்து நிறைய வருது. எங்க சித்தப்பா பையனும் இதையேதான் கேட்டான். சென்னையில வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம் ஆகுது. பார்த்து வச்சிருந்தது முப்பதாயிரம் ரூபாய் வாட்ச், மாசம் 2,500 வீதம் பன்னிரண்டு மாச இஎம்ஐ. "அண்ணே, 200 மீட்டர் தாங்கும்ணே"ன்னான். எங்க ஊர் நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கம், சுத்திலும் கரிசல் காடு. நல்லா மழை பெய்ஞ்ச வருஷத்துலயே கம்மாயில இடுப்பளவு தண்ணி நின்னா பெரிய விஷயம். அப்போ அந்த 200 மீட்டருக்கு நாம ஏன் காசு கொடுக்கணும்? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

டிசைன்: எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு

தூத்துக்குடியில முத்துக் குளிச்சவங்க, கனமான கல்லோட துணையில மூச்சைப் பிடிச்சு இறங்கினாங்க. மூச்சு முட்டினா கயிறை இழுப்பாங்க, படகுல இருக்கிறவர் மேலே தூக்கிடுவார். அவங்களுக்கு மூச்சுதான் கடிகாரம். 1943-ல ஜாக் குஸ்தோவும் எமில் கான்யானும் 'அக்வாலங்' கொண்டு வந்தாங்க. முதுகுல சிலிண்டர், வாயில குழாய். இப்போ தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் இருக்கலாம். ஆனா காத்து எப்போ தீரும்னு கணக்கு வைக்கணும். அந்தக் கணக்குக்குப் பிறந்ததுதான் டைவ் வாட்ச். பிளாங்பா 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்', ரோலக்ஸ் 'சப்மரீனர்' ரெண்டுமே 1953-ஐத் தங்களோட பிறந்த வருஷமாச் சொல்லுது.

டயலைச் சுத்தி இருக்கிற வளையத்துக்குப் பேர் பெஸல். இறங்கும்போது அதுல இருக்கிற முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சிடணும். முள் எவ்வளவு தள்ளிப் போயிருக்கோ, அவ்வளவு நேரம் ஆச்சு. இந்த வளையம் கடிகாரச் சுற்றுக்கு எதிர்ப்பக்கம் மட்டும்தான் திரும்பும். பாறையில இடிச்சுத் திரும்பிட்டாக்கூட, போன நேரத்தை அதிகமாத்தான் காட்டும், குறைவாக் காட்டாது. ஆள் சீக்கிரம் மேல வந்துடுவார், உயிர் தப்பும். தப்பு நடந்தாலும் பாதுகாப்பான பக்கமா நடக்கணும்னு நாங்க கோடு எழுதும்போது யோசிப்போமே, அதேதான் இது. நமக்கு? இட்லி வேக வைக்க, பைக் பார்க்கிங் நேரம் பார்க்க, தாராளமா உதவும்.

200 மீட்டர்னா என்ன?

10 மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். வாட்ச் மேல போட்டிருக்கிற எண், ஆய்வுக்கூடத்துல கொடுக்கிற அழுத்தத்தோட கணக்கு. அதனால '30 மீட்டர்'னு போட்டிருந்தா கை கழுவலாம், மழைத் தூறல் தாங்கும், அவ்வளவுதான். டைவ் வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425-னு தனி விதி இருக்கு. குறைஞ்சது 100 மீட்டர், அதுவும் சொன்ன அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக் கொடுத்துச் சோதிக்கணும், இருட்டுல 25 செ.மீ. தூரத்துல முள் தெரியணும். பார்க்க டைவ் வாட்ச் மாதிரி இருக்கிறதெல்லாம் இந்த வகை இல்ல. 2019-ல வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ், பழைய எஸ்கேஎக்ஸ்007 சாயல்லதான் இருக்கும். ஆனா பழசு 200 மீட்டர், திருகு மூடிச் சாவி. புதுசு 100 மீட்டர், சாவியில திருகு கிடையாது. கிணத்துல குதிக்கிற ஆளா இருந்தா இதைக் கவனிங்க.

சைஸ்: விட்டத்தைப் பார்த்து ஏமாறாதீங்க

எல்லாரும் 42, 44-னு விட்டத்தைத்தான் கேட்கிறாங்க. கையில உட்காருமா உட்காராதான்னு முடிவு பண்றது வேற ஒரு அளவு. பட்டை மாட்டுற கொம்பு மேலயும் கீழயும் நீட்டிட்டு இருக்கும் இல்லையா, அந்த நுனியில இருந்து இந்த நுனி வரைக்கும். எஸ்கேஎக்ஸ்007-ஓட விட்டம் 42.5 மி.மீ., ஆனா நீளம் ஏறக்குறைய 46-தான். அதனால ஒல்லிக் கையிலயும் அடக்கமா உட்காரும். கேசியோ டுரோ 44.2 அகலம், 48.5 நீளம். மணிக்கட்டோட மேல்பக்கத் தட்டையான அகலத்தை ஸ்கேல்ல அளங்க. வாட்ச் நீளம் அதைத் தாண்டக் கூடாது. ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா, அந்த நீளத்துக்கு ஒரு அட்டையை வெட்டிக் கையில வச்சுப் பாருங்க. தம்பி பார்த்து வச்ச வாட்ச் 51, அவன் கை 49. பாதி விவாதம் அங்கேயே முடிஞ்சது.

தடிமனையும் பாருங்க. ஓசூர்ல தொழிற்சாலை வச்ச நம்ம டைட்டன், 2002-ல 'எட்ஜ்' கொண்டு வந்தது. மொத்தமே 3.5 மி.மீ. தடிமன், 30 மீட்டர். டைவ் வாட்ச் 12, 13 மி.மீ. வரும். அழுத்தம் தாங்கக் கெட்டிக் கண்ணாடியும் கெட்டி மூடியும் வேணும். ஃபுல் ஹேண்ட் சட்டைக் கைக்குள்ள நுழையலைன்னா, ஆஃபீஸ்ல தினமும் தொந்தரவுதான்.

மதிப்பு: எதுக்குக் காசு, எதுக்கு வேண்டாம்?

தண்ணியை உள்ள விடாம தடுக்கிறது ஒரு மெல்லிய ரப்பர் வளையம். வயசானா, சூடு பட்டா, அது இறுகிப் போகும். பேட்டரி மாத்த பஸ் ஸ்டாண்ட் கடையில பின்மூடியைத் திறந்து, வளையத்தைப் பார்க்காம, அழுத்தச் சோதனை பண்ணாம மூடிட்டா, 200 மீட்டர்ங்கிறது டயல்ல இருக்கிற எழுத்து மட்டும்தான். அதனால வாங்குறதுக்கு முன்னாடியே சர்வீஸ் சென்டர் எங்க இருக்குன்னு பாருங்க. சிட்டிசன் ஈகோ-டிரைவ் மாதிரி வெளிச்சத்துல சார்ஜ் ஆகுற வாட்ச்சா இருந்தா, அடிக்கடி திறக்கிற வேலையே இல்ல. நம்ம பக்கம் வெயிலுக்குப் பஞ்சமா என்ன?

கண்ணாடிக்குக் கொஞ்சம் கூடுதலாச் செலவு பண்ணலாம். மணல்ல இருக்கிற குவார்ட்ஸோட கடினம் 7, சஃபையர் 9. சாதாரண மினரல் கண்ணாடி மணலைவிட மிருது. புழுதியில வேலை பார்க்கிறவங்க கையில கீறல் விழாம இருக்காது. ஆனா 200-ஐ 300 மீட்டர் ஆக்கக் கூடுதல் காசு? வேண்டாம்.

தம்பியோட இஎம்ஐ, அவன் ஊருக்கு மாசாமாசம் அனுப்புற பணத்துல பாதி. நான் சொன்னது இதுதான்: "பத்தாயிரத்துக்குள்ள டுரோ கிடைக்கும். அதுவும் 200 மீட்டர், திருகுச் சாவி. உன் கைக்கும் அரை மி.மீ. இடம் மிச்சம். இஎம்ஐ இல்லாம வாங்கு. ரெண்டு வருஷம் கட்டியும் ஆசை தீரலைன்னா, அப்போ கைக்காசுல பெரிசா வாங்கு."

சுருக்கமா சொல்லிடறேன். கையை அளங்க, கொம்பு நீளத்தைக் கேளுங்க. சாவி திருகுதான்னு பாருங்க. சர்வீஸ் எங்கன்னு விசாரிங்க. பிராண்டு பேரைக் கடைசியா பாருங்க.