டயருக்கும் வயது உண்டு

2012ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நள்ளிரவு நெருங்கும் வேளை. இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் இசைவிழா ஒன்று முடிந்து, இளைஞர் நிறைந்த பேருந்தொன்று வடக்கே லிவர்ப்பூலை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. சரே மாவட்டத்து ஹைண்ட்ஹெட் என்னும் ஊரருகே அதன் முன்சக்கரத்து டயர் வெடித்தது. பேருந்து சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநரும் இளம் பயணிகள் இருவரும் உயிர் துறந்தனர், பலர் படுகாயமுற்றனர்.

விசாரணையில் வெளிவந்த உண்மை கேட்டோரைத் திகைக்கச் செய்தது. அந்த டயரின் வயது 19 ஆண்டுகள். பேருந்தைவிட அது மூத்தது. இறந்தவர்களுள் ஒருவரான 18 வயது இளைஞரைவிடவும் மூத்தது! ஆயினும் சட்டப்படி குற்றம் ஏதும் இல்லை. ஏனெனில் நம் ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்று கூறும் மேற்பதிவு போதிய ஆழத்துடன் இருந்தது. தேய்மானத்தை அளக்கச் சட்டம் இருந்தது; வயதை அளக்கச் சட்டம் இல்லை.

அவ்விளைஞரின் தாய் தம் துயரத்தோடு வீட்டினுள் அமர்ந்துவிடவில்லை. வேறொரு தாய்க்கு இக்கதி நேரலாகாது என்று ஆண்டுக்கணக்காக ஆட்சியாளரின் கதவுகளைத் தட்டினார். அதன் பயனாக, பேருந்துகள், சரக்கு வண்டிகள் ஆகியவற்றின் முன் அச்சில் பத்தாண்டுக்கு மேற்பட்ட டயர்களைப் பயன்படுத்துவது 2021 பிப்ரவரி 1 முதல் பிரித்தானியாவில் தடை செய்யப்பட்டது.

தேயாமலே முதுமையுறுவது எவ்வாறு?

இரப்பர் மரத்துப் பாலை அப்படியே உலர்த்தினால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் உறுதி பெறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்பவர், தம் சிறுமகனின் மூன்று சக்கர மிதிவண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று காற்றடைத்த டயரை அமைத்தார். தந்தையின் அன்பில் பிறந்த பொருள் அது.

ஆனால் இரப்பருக்கு ஓயாத பகைவர் உண்டு: காற்றிலுள்ள உயிர்வளி, ஓசோன், வெப்பம். மேசை இழுப்பறையில் பல்லாண்டு கிடந்த இரப்பர் வளையத்தை எடுத்து இழுத்துப் பாருங்கள்; பட்டென்று அறும். எவரும் பயன்படுத்தாமலே அது கெட்டுவிட்டது. டயருக்கும் நேர்வது இதுவே. உள்ளே அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் காற்றே இரப்பரினூடே மெல்ல ஊடுருவி அதனை இறுகச் செய்கிறது. உள்ளிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகளுக்கும் இரப்பருக்கும் இடையேயுள்ள பிணைப்பு தளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் தோன்றுகின்றன. ஒருநாள், வேகமும் வெயிலும் பாரமும் ஒன்று சேரும்போது, மேற்பகுதி உரிந்து பிரிகிறது. அல்லது டயரே வெடிக்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. முதுமையைத் தடுக்கும் மருந்துப் பொருள்கள் சில இரப்பருடன் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு வளைந்து நிமிரும்போது இவை மேற்பரப்புக்கு வந்து காவல் புரிகின்றன. நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் இது சரிவர நடப்பதில்லை. ஞாயிறு திருப்பலிக்கும், ஆண்டுக்கொருமுறை வேளாங்கண்ணிக்கும் மட்டும் புறப்படும் காரின் டயர் புத்தம் புதிதாகத் தோன்றலாம். அந்தத் தோற்றத்தை நம்புதல் கூடாது.

பிறந்த நாளை அறிவது எப்படி?

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஒருபுறம் இலக்கங்கள் காணப்படாவிடில் மறுபுறம் பாருங்கள். மூன்றே இலக்கங்கள் இருப்பின், அது 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. அதனை உடனே அகற்றுக. புதிய டயர் வாங்கும்போதும் இவ்விலக்கத்தைப் பார்த்து வாங்குதல் நன்று. கடையில் நெடுநாள் கிடந்ததும் ‘புதியது’ என்றே விற்கப்படலாம்.

எத்தனை ஆண்டு தாங்கும்?

எல்லா டயருக்கும் பொருந்தும் ஒரே கெடு இல்லை. கார் தயாரிப்போர் பலர் ஆறாண்டில் மாற்றுமாறு கூறுகின்றனர். டயர் தயாரிக்கும் மிஷலின் நிறுவனம், ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டிச் சோதிக்கவும், பத்தாண்டானால் பார்வைக்கு நன்றாயிருப்பினும் மாற்றவும் அறிவுறுத்துகிறது.

வெப்ப நாட்டினரான நாம் கூடுதலாக விழித்திருக்க வேண்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2008இல் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கை வெளியிட்டது. டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய வெப்ப மாநிலங்களில் இருந்தோர் அதன் வாடிக்கையாளருள் 27 விழுக்காட்டினரே. ஆயினும் டயர் பழுதுக்கான கோரிக்கைகளில் 77 விழுக்காடு அங்கிருந்தே வந்தன. அவற்றுள் 84 விழுக்காடு ஆறாண்டைக் கடந்த டயர்கள்!

வண்டியின் பின்னே மறைந்து கிடக்கும் ஸ்டெப்னியை மறவாதீர்கள். பத்தாண்டாக ஒருமுறையும் தரையைத் தொடாதிருப்பினும் அதுவும் முதிர்ந்ததே. மாதம் ஒருமுறையேனும் எல்லா டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக வளைந்து சூடேறி விரைவில் கெடும். பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ கண்டால் வயதைக் கணக்கிட்டுக்கொண்டிராமல் மாற்றிவிடுங்கள்.

நம் கடமை

புது வண்டி வாங்கியதும் பங்குத்தந்தையிடம் கொண்டுசென்று மந்திரித்துக்கொள்கிறோம். ஆரோக்கிய அன்னையின் படத்தையோ புனித கிறிஸ்தோபரின் பதக்கத்தையோ முன்னே வைக்கிறோம். இது நல்ல வழக்கம். ஆனால் வான தூதர்கள் தாங்குவார்கள் என்று சொல்லி, ஆலய உச்சியினின்று குதிக்குமாறு அலகை தூண்டியபோது நம் ஆண்டவர் இணங்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செய்ய வேண்டியதைச் செய்யாமல் இறைக்காவலை எதிர்பார்ப்பது விசுவாசம் அன்று. 2007இல் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி ஏட்டிலும், வாகன ஓட்டிகளுக்கென வகுக்கப்பட்ட பத்துக் கட்டளைகளில் முதலாவது கொலையைத் தடுக்கும் கட்டளையே.

திருயாத்திரைக்கு வேன் அமர்த்தும் பங்குக் குழுவினர் வாடகையை மட்டும் பேசி முடிக்காமல், டயரின் வயதையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும். ஓட்டுநர் சினம் கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். அவர் உயிரும் அதில் அடங்கியுள்ளது. நாம் கழற்றிய பழைய டயரை, “பாவம், பயன்படுத்திக்கொள்ளட்டும்” என்று ஏழை ஓட்டுநர் ஒருவருக்குக் கொடுப்பதும் பிறரன்பு ஆகாது. நம் பிள்ளைகளை ஏற்றத் துணியாத டயரில் அவர் பிள்ளைகள் ஏறலாமா? அது வேறெந்தச் சக்கரத்திலும் ஏறாதபடி வெட்டி ஒதுக்குவதே முறை.

நான்கு டயரின் விலை நடுத்தரக் குடும்பத்திற்குப் பெருஞ்செலவே, மறுப்பதற்கில்லை. ஆகவே வண்டி வாங்கிய நாளிலிருந்தே மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து வைப்பது நலம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படுமுன், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் படியுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.