உங்களுக்குத் தெரியுமா? பனிக்காலத்தில் கான்கிரீட்

கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து நடத்தும் வேதிவினைதான் அதை இறுக்குகிறது. குளிர் கூடக் கூட அந்த வினை மந்தமாகும். போட்ட அன்றே உள்ளிருக்கும் நீர் உறைந்துபோனால் கேடு இன்னும் பெரிது. பனிக்கட்டியாகும் நீர் சுமார் 9 சதவீதம் விரிந்து, இளம் கலவையை உள்ளிருந்தே பிளக்கும். வர வேண்டிய வலிமையில் பாதிவரைகூடப் போய்விடலாம். பிறகு எவ்வளவு பக்குவமாகப் பராமரித்தாலும் அது முழுதாகத் திரும்பாது.

அதனால்தான் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே தனி ஏற்பாடு வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. முதலில் தண்ணீரைச் சூடாக்குவார்கள். ஒரே எடைக்கு, ஜல்லியையும் மணலையும்விட நான்கைந்து மடங்கு வெப்பத்தை அது சுமந்து வரும். ஆனால் கொதிநீர் நேராகச் சிமென்ட்டில் படக் கூடாது, கலவை சட்டென்று கட்டிப்போகும். ஆகவே ஜல்லியோடுதான் முதலில் கலக்க வேண்டும். போட்டபின் கனத்த போர்வையால் மூடிவிட்டால், வினையில் பிறக்கும் சூடே கான்கிரீட்டைக் காக்கும்.

இதையெல்லாம்விடக் கடினம், வேலையின் காலக்கணக்கு. 2020-இல் திறக்கப்பட்ட, இமாசலப் பிரதேசத்தின் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையையே பாருங்கள். அதைக் கட்டிய காலத்தில், வடவாயிலுக்குப் போகும் வழியான ரோத்தங் கணவாய் குளிர்காலத்தில் பனியில் மூடிவிடும். அப்போது அங்கே ஆளும் பொருளும் போக வழியிருக்கவில்லை. தென்வாயிலில் மட்டும் ஆண்டு முழுவதும் வேலை நடந்தது.